சர்ஃபேஸ் கோடின் த்ரெஷோல்டை மடிக்கணினியிலேயே கண்டுபிடிப்பது எப்படி: குவாண்டம் பிழை திருத்த ஆய்வுக்குள் நுழைபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குவாண்டம் கணினியின் பிட்டுக்குக் கியூபிட் என்று பெயர். பல கியூபிட்டுகளைச் சதுரக் கட்டமாக அடுக்கி, அவற்றில் ஒரே ஒரு லாஜிக்கல் கியூபிட்டைப் பிழையிலிருந்து காத்துச் சேமிக்கும் முறைதான் சர்ஃபேஸ் கோட். இந்த வழிகாட்டியை முடிக்கும்போது உங்கள் கையில் ஒரே ஒரு வரைபடம் இருக்கும். கிடை அச்சில் ஒரு தனிக் கியூபிட்டின் பிழை விகிதம், நெடு அச்சில் லாஜிக்கல் கியூபிட்டின் பிழை விகிதம், தொலைவு (லாஜிக்கல் கியூபிட்டைச் சத்தமில்லாமல் புரட்டத் தேவையான குறைந்தபட்சப் பிழைகளின் எண்ணிக்கை) 3, 5, 7, 9 என்று நான்கு கோடுகள், அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஓர் இடம். அந்த இடம்தான் த்ரெஷோல்ட். பிழை விகிதம் அதற்குக் கீழே இருந்தால் கியூபிட்டுகளைக் கூட்டக் கூடப் பாதுகாப்பு கூடும், மேலே இருந்தால் கூட்டக் கூட நிலைமை மோசமாகும்.

இந்த வரைபடத்தை ஒரே நாளில் வரைந்துவிடலாம், கருவிகள் அந்த அளவுக்கு வந்துவிட்டன. ஆனால் புதிதாக வருபவர்கள் வாரக்கணக்கில் சிக்கிக்கொள்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். காரணம் ஒன்றுதான்: தப்பான சிமுலேஷனும் அழகான கோடுகளைத் தரும், அவையும் எங்கேயோ ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். முடிவைப் பார்த்து மட்டும் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு சோதனை இருக்கிறது, அது தேறிய பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

கணிதத்தில் இரண்டே விஷயம். ஒன்று, 0, 1 மட்டும் உள்ள அணிகளை 2-இன் மீதியில் பெருக்கத் தெரிய வேண்டும். இரண்டு, எக்ஸ் (பிட்டைப் புரட்டுவது), இசட் (1-இன் குறியைப் புரட்டுவது) என்ற பௌலி செயலிகளின் வரிசையை மாற்றினால், அவை ஒரே கியூபிட்டில் சந்திக்கும்போது குறி மாறும், வெவ்வேறு கியூபிட்டில் இருந்தால் மாறாது, ஆகவே இரட்டைப்படை இடங்களில் சந்தித்தால் மொத்தத்தில் மாறாது என்பது மனதில் பதிய வேண்டும். ஷ்ரோடிங்கர் சமன்பாடு இந்த வேலைக்கு வேண்டாம். அதில் ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்தும் வரைபடத்தின் முதல் கோட்டை எட்டாதவர்கள் உண்டு.

மென்பொருளில் பைத்தான், நம்பை, அப்புறம் ஸ்டிம், பைமேட்சிங், சின்டர் என்ற மூன்று தொகுப்புகள். ஸ்டிம் சர்க்யூட்டை ஓட்டுகிறது, பைமேட்சிங் பிழையை ஊகிக்கிறது, சின்டர் இரண்டையும் பல கோர்களில் ஓட்டிக் கணக்கெடுக்கிறது. மூன்றும் இலவசம்.

பொதுவான குவாண்டம் சிமுலேட்டரை எடுத்துவிடாதீர்கள். தொலைவு 3-க்கு 17 கியூபிட், அது ஓடும். தொலைவு 5-க்கு 49 கியூபிட், அதன் முழு நிலையையும் சேமிக்க 2-இன் 49-ஆம் அடுக்கு எண்கள், அதாவது கிட்டத்தட்ட 9 பெட்டாபைட் நினைவகம் வேண்டும். ஸ்டிம் அந்த வழியில் போவதில்லை. பிழை திருத்தச் சர்க்யூட்டில் வருபவை எல்லாம் கிளிஃபோர்ட் கேட்டுகள் (பௌலி செயலிகளைப் பௌலி செயலிகளாகவே மாற்றுபவை) என்பதால் ஸ்டெபிலைசர்களை (நிலையை மாற்றாமல் விடும் பௌலிப் பெருக்கல்களை) மட்டும் பின்தொடர்ந்தால் போதும். அந்த வகையில் சேராத டி கேட் வந்தால் இந்த வசதி போய்விடும், அதனால்தான் இங்கே நாம் கணக்குப் போடுவதைப் பற்றிப் பேசாமல் ஒரு கியூபிட்டைச் சேமித்து வைப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

2. மூன்று பிட்டில் தொடங்குங்கள்

நேராக சர்ஃபேஸ் கோடுக்குப் போகாதீர்கள். 0 என்பதை 000 என்று எழுதுங்கள். முதல் சோதனை முதல் பிட்டும் நடுப்பிட்டும் ஒன்றா என்று கேட்கிறது, இரண்டாவது சோதனை நடுப்பிட்டும் கடைசிப் பிட்டும் ஒன்றா என்று கேட்கிறது. முதல் பிட் புரண்டால் முதல் சோதனை மட்டும் அலறும், நடுப்பிட் புரண்டால் இரண்டும், கடைசிப் பிட் புரண்டால் இரண்டாவது மட்டும்.

சரி, முதலும் நடுவும் சேர்ந்து புரண்டால்? இரண்டாவது சோதனை மட்டும் அலறும். டிகோடர், அதாவது சோதனை விடைகளிலிருந்து பிழையை ஊகிக்கும் நிரல், கடைசிப் பிட்டைக் குறை சொல்லும், அதைப் புரட்டும், மூன்றுமே 1 ஆகிவிடும். இதுதான் லாஜிக்கல் பிழை. உண்மையான பிழையும் நம் திருத்தமும் சேர்ந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டுவிட்டன. இனி வரும் எல்லாவற்றிலும் இதே படம்தான், கொஞ்சம் பெரிதாக.

இதைச் சாதாரண பைத்தானில் பத்து இருபது வரிகளில் எழுதுங்கள். பிட் புரளும் வாய்ப்பு 10 சதவீதம் என்று வைத்தால் லாஜிக்கல் பிழை 2.8 சதவீதம் வர வேண்டும், கையாலேயே கணக்கிட்டுவிடலாம். 1 லட்சம் முறை ஓட்டினால் 2,800-ஐ ஒட்டித் தோல்விகள் வரும், 50 முன்பின் இருந்தால் இயல்பு. ஐந்து பிட்டுக்கு மாற்றினால் 0.856 சதவீதம். இந்த இரண்டு எண்களும் வரவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள், ஏனென்றால் உங்கள் எண்ணும் முறையில்தான் தவறு இருக்கிறது, அது கடைசிவரை கூடவே வரும்.

3. ஒன்பது புள்ளிகளைக் காகிதத்தில் வரையுங்கள்

இந்தப் படியைத்தான் நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். ஸ்டிம் ஒரே வரியில் சர்க்யூட்டை உருவாக்கித் தரும்போது காகிதம் எதற்கு என்று தோன்றும். பின்னால் ஓர் எண் விசித்திரமாக வரும்போது எங்கே தேடுவது என்று தெரிய வேண்டுமானால் இது வேண்டும், அரை மணி நேர வேலைதான்.

மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. இடமிருந்து வலமாக மேலே 1, 2, 3, நடுவில் 4, 5, 6, கீழே 7, 8, 9. இவை தரவுக் கியூபிட்டுகள். எக்ஸ் பிழையைப் பிடிக்கும் இசட் சோதனைகள் நான்கு: (1,2,4,5), (5,6,8,9), இடது ஓரத்தில் (4,7), வலது ஓரத்தில் (3,6). இசட் பிழையைப் பிடிக்கும் எக்ஸ் சோதனைகள் நான்கு: (2,3,5,6), (4,5,7,8), மேல் ஓரத்தில் (1,2), கீழ் ஓரத்தில் (8,9). ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் அளவீட்டுக் கியூபிட், ஆக மொத்தம் 9 கூட்டல் 8, 17. பொதுவாகச் சொன்னால் தொலைவின் வர்க்கத்தை இரட்டித்து ஒன்றைக் கழிக்க வேண்டும்.

எந்த எக்ஸ் சோதனையையும் எந்த இசட் சோதனையையும் எடுத்துப் பாருங்கள், அவை இரண்டு புள்ளிகளில் சந்திக்கும் அல்லது சந்திக்கவே மாட்டா. ஒரே ஒரு புள்ளியில் சந்தித்தால் நீங்கள் தப்பாக வரைந்திருக்கிறீர்கள், ஒன்றை அளந்தால் மற்றொன்று கலைந்துவிடும். கணினியில் இதைச் சரிபார்க்க இரண்டு அணிகளைப் பெருக்கி 2-இன் மீதி எடுங்கள், எல்லாம் 0 வர வேண்டும்.

அடுத்து லாஜிக்கல் செயலிகள். மேல் வரிசை 1, 2, 3-இல் இசட் போட்டால் எந்த எக்ஸ் சோதனையும் அலறாது. இடது நெடுவரிசை 1, 4, 7-இல் எக்ஸ் போட்டால் எந்த இசட் சோதனையும் அலறாது. இரண்டும் 1-இல் மட்டும் சந்திக்கின்றன. ஆக இவைதான் லாஜிக்கல் இசட்டும் லாஜிக்கல் எக்ஸும்.

இப்போது 1-லும் 4-லும் எக்ஸ் பிழை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். (1,2,4,5) சோதனையில் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், (4,7) மட்டும் அலறும். 7-இல் ஒரே பிழை வந்தாலும் இதே அறிகுறிதான். டிகோடர் 7-ஐத் திருத்தும், 1, 4, 7 முழுவதும் எக்ஸ் நிரம்பிவிடும். மூன்று பிட்டில் பார்த்த அதே கதை.

4. நேரத்தைச் சேருங்கள்

அளவீடும் பொய் சொல்லும். அதனால் ஒருமுறை அளந்து முடிவெடுக்க முடியாது, சுற்றுச் சுற்றாக அளந்துகொண்டே இருக்க வேண்டும். புதியவர்கள் குழம்பும் முதல் பெரிய இடம் இது: டிகோடருக்குக் கொடுக்க வேண்டியது சோதனையின் விடையை அல்ல, சென்ற சுற்றின் விடையிலிருந்து அது மாறியதா என்பதை.

ஏன் என்றால், ஒரு தரவுக் கியூபிட் மூன்றாவது சுற்றில் புரண்டால் அதன் பக்கத்துச் சோதனைகள் மூன்றாவது சுற்றிலிருந்து முடிவுவரை மாறிய விடையையே சொல்லிக்கொண்டிருக்கும். நடந்தது ஒரு சம்பவம், ஆனால் பார்ப்பதற்கு நூறு போலத் தெரியும். வித்தியாசத்தை எடுத்தால் மூன்றாவது சுற்றில் மட்டும் புள்ளி விழும். அளவீடு மட்டும் தப்பியிருந்தால் அதே சோதனையில் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் புள்ளி விழும். தரவுப் பிழை இடத்தில் ஒரு ஜோடி, அளவீட்டுப் பிழை நேரத்தில் ஒரு ஜோடி, ஓரத்தில் நடந்த பிழை ஒற்றைப் புள்ளி. இந்த வித்தியாசங்களுக்குத்தான் ஸ்டிம்மில் டிடெக்டர் என்று பெயர்.

பிழையே இல்லாத சர்க்யூட்டில் எந்த டிடெக்டரும் விழக் கூடாது, அதுதான் டிடெக்டருக்கான விதி. இதிலிருந்து ஒரு நுணுக்கம் வருகிறது. எல்லாக் கியூபிட்டையும் 0-இல் தொடங்கினால் முதல் சுற்றில் இசட் சோதனைகளின் விடை நிச்சயம், எக்ஸ் சோதனைகளின் விடை காசைச் சுண்டுவது போல. அதனால் முதல் சுற்றில் இசட் சோதனைகளுக்கு மட்டுமே டிடெக்டர் வைக்க வேண்டும். கடைசியில் தரவுக் கியூபிட்டுகளை அளக்கும்போதும் அதே மாதிரி இசட்டுக்கு மட்டும்.

எண்ணிப் பாருங்கள். தொலைவு 3, சுற்று 3: முதலில் 4, நடுவில் 8, 8, கடைசியில் 4, மொத்தம் 24. உங்கள் சர்க்யூட்டில் 24 வரவில்லை என்றால் முதல் சுற்றையோ கடைசி அளவீட்டையோ விட்டிருப்பீர்கள். தொலைவு 5, சுற்று 5-க்கு 120. முதல் சுற்றில் எக்ஸுக்கும் டிடெக்டர் வைத்துவிட்டால் பிழை மாதிரியைக் கேட்கும்போதே ஸ்டிம் மறுத்துவிடும்.

இன்னொன்று. அளவீட்டுக் கியூபிட்டை ஒவ்வொரு சுற்றிலும் 0-க்குத் திருப்பாமல் விட்டால், வித்தியாசம் எடுக்கும் முறை மாறும். அப்போது ஓர் அளவீடு முந்தைய விடையையும் சேர்த்துச் சுமக்கும், ஆகவே இரண்டு சுற்று முன்னால் வந்த அளவீட்டோடு ஒப்பிட வேண்டும்.

5. சர்க்யூட்: சி-நாட் வரிசையில் கவனம்

ஓர் அளவீட்டுக் கியூபிட் தன் நான்கு தரவுக் கியூபிட்டுகளையும் ஒரே நேரத்தில் தொட முடியாது, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு சி-நாட் (ஒரு கியூபிட் 1 ஆக இருந்தால் மற்றதைப் புரட்டும் கேட்). எந்த வரிசையில் என்பது அழகுக்கான கேள்வி இல்லை, சர்ஃபேஸ் கோடின் வலிமையே அதில் இருக்கிறது.

எக்ஸ் சோதனை (2,3,5,6)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதன் அளவீட்டுக் கியூபிட்டிலிருந்து தரவுக்கு சி-நாட் போகிறது. இரண்டு சி-நாட் முடிந்து, நடுவில் அளவீட்டுக் கியூபிட்டில் எக்ஸ் பிழை விழுந்தால், மிச்சம் இருக்கும் இரண்டு தரவுக் கியூபிட்டிலும் அது பரவும். அந்த இரண்டும் 3, 6 என்றால் ஆபத்து. ஒரே ஒரு பிழை ஒரு நெடுவரிசையில் இரண்டு இடத்தைப் பிடித்துவிட்டது, 9-இல் இன்னும் ஒன்று விழுந்தால் 3, 6, 9 முழு லாஜிக்கல் எக்ஸ். தொலைவு 3 என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் 2. கடைசி இரண்டும் 5, 6 என்று இருந்தால் பிழை கிடையாகப் பரவும், லாஜிக்கல் எக்ஸுக்குக் குறுக்கே, கெடுதல் இல்லை. இசட் சோதனைகளுக்கு இதற்கு நேர்மாறாக, கடைசி ஜோடி நெடுக்காக இருக்க வேண்டும்.

இந்த ஒரு தவறு மட்டும் எனக்குத் தெரிந்து எத்தனையோ பேரின் நாட்களைத் தின்றிருக்கிறது, ஏனென்றால் இதில் எதுவும் உடைவதில்லை. டிடெக்டர் எண்ணிக்கை சரி, பிழையில்லாத ஓட்டம் சரி, கோடுகள்கூட வெட்டிக்கொள்ளும். சரிவு மட்டும் கொஞ்சம் தட்டையாக இருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை.

கண்டுபிடிக்க நேரான வழி உண்டு. லாஜிக்கல் பிழையை உண்டாக்கும் மிகச் சிறிய பிழைத் தொகுப்பைத் தேடித் தரும் வசதி ஸ்டிம்மில் இருக்கிறது. தொலைவு 3-க்கு அது 3 பிழைகளைக் காட்ட வேண்டும், 5-க்கு 5. 3-க்கு 2 காட்டினால் உங்கள் வரிசை தப்பு. சர்க்யூட்டைத் தொட்ட ஒவ்வொரு முறையும் இதை ஓட்டுங்கள்.

நீங்களே எழுதிய சர்க்யூட் தேறிய பிறகு, ஸ்டிம் தானாக உருவாக்கும் ரொட்டேட்டட் மெமரி இசட் சர்க்யூட்டை (0-இல் தொடங்கி லாஜிக்கல் இசட்டைச் சேமித்துப் பார்ப்பது) எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இனிமேல் அதையே பயன்படுத்தலாம்.

6. பிழை மாதிரி: நான்கு குமிழ்களையும் திருகுங்கள்

ஸ்டிம்மின் தயார் சர்க்யூட்டுக்கு நான்கு பிழை அளவுகள் கொடுக்கலாம்: கேட்டுக்குப் பின் வரும் டிபோலரைசேஷன் (எக்ஸ், இசட், இரண்டும் சேர்ந்த ஒய் என எந்தப் பிழையும் சம வாய்ப்பில் விழுவது), ரீசெட்டுக்குப் பின் (கியூபிட்டை 0-க்குத் திருப்பிய பின்) புரளல், அளவீட்டுக்கு முன் புரளல், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் தரவுக் கியூபிட்டில் டிபோலரைசேஷன். நீங்கள் எதையும் சொல்லாவிட்டால் நான்கும் 0. முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு அளவீடு பொய்யே சொல்லாத உலகத்தில் த்ரெஷோல்ட் கண்டுபிடிப்பது வழக்கமான தவறு. முதல் வரைபடத்துக்கு நான்குக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள்.

எந்த மாதிரியில் ஓட்டினீர்கள் என்பதை எழுதாமல் த்ரெஷோல்ட் எண்ணைச் சொல்வதில் பொருளே இல்லை. அளவீடு சரியாக இருக்கிறது, தரவில் மட்டும் பிழை என்றால் சர்ஃபேஸ் கோடின் த்ரெஷோல்ட் 10 சதவீதத்தைத் தாண்டும். அளவீட்டுப் பிழையையும் சேர்த்தால் ஏறத்தாழ 3 சதவீதம். ஒவ்வொரு கேட்டும் தவறும் என்ற முழுச் சர்க்யூட் மாதிரியில் 1 சதவீதத்தின் பக்கத்தில், பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே. ஒரே கோட், ஒரே டிகோடர், பத்து மடங்கு வித்தியாசம்.

இது உங்களுக்கு ஒரு நோய்க்குறி அட்டவணை மாதிரியும் உதவும். முழுச் சர்க்யூட் மாதிரி என்று நினைத்து ஓட்டி 3 சதவீதத்தில் வெட்டினால் கேட் பிழைகள் சேரவில்லை, 10-க்கு மேல் போனால் அளவீட்டுப் பிழையும் சேரவில்லை.

7. டிகோடரை இணைப்பது

ஸ்டிம்மிடம் சர்க்யூட்டின் பிழை மாதிரியைக் கேளுங்கள். எந்தப் பிழை எந்த டிடெக்டர்களைத் தட்டும், லாஜிக்கல் விடையைப் புரட்டுமா, எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு பட்டியல் தரும். பைமேட்சிங் அதை ஒரு வலையாக எடுத்துக்கொள்கிறது. டிடெக்டர்கள் முடிச்சுகள், பிழைகள் இழைகள். விழுந்த புள்ளிகளை மொத்தச் செலவு குறைவாக ஜோடி சேர்ப்பதுதான் அதன் வேலை.

இழை என்றால் இரண்டு முனைதான். ஒய் பிழை எக்ஸ் பக்கமும் இசட் பக்கமும் சேர்த்துத் தட்டும், நான்கு டிடெக்டர்கூட விழும். அதனால் பட்டியலைக் கேட்கும்போதே பெரிய பிழைகளை இரண்டிரண்டாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும், அதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது. பிரிக்கும்போது எக்ஸுக்கும் இசட்டுக்கும் இடையே உள்ள தொடர்பு தொலைகிறது என்பதை மறக்காதீர்கள், இதைவிட நல்ல டிகோடருக்கு இடம் இருப்பது அங்கேதான்.

ஒவ்வொரு இழைக்கும் எடை உண்டு: பிழை நடக்காத வாய்ப்பை நடக்கும் வாய்ப்பால் வகுத்து லாகரிதம் எடுப்பது. 1 சதவீதப் பிழைக்கு எடை 4.6, 0.1 சதவீதத்துக்கு 6.9. வலையை ஒருமுறை உருவாக்கிவிட்டு எல்லாப் பிழை விகிதத்துக்கும் அதையே வைத்து ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்யூட் மாறினால் வலையும் மாற வேண்டும், ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகக் கட்டுங்கள்.

8. தோல்வி என்றால் என்ன என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் ஒரு தவறைத் திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறேன். நடந்த பிழைகளின் பட்டியலையும் டிகோடர் சொன்ன பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் தோல்வி என்று எண்ணுவார்கள். லாஜிக்கல் பிழை பயங்கரமாக ஏறும், கோடுகள் வெட்டவே வெட்டாது.

ஒன்பது புள்ளிப் படத்துக்குத் திரும்புங்கள். 1-இல் எக்ஸ் பிழை, டிகோடர் 2 என்கிறது. தவறா? இரண்டுமே (1,2,4,5) என்ற சோதனையை மட்டுமே தட்டும், எந்த டிகோடராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை. உண்மைப் பிழையும் திருத்தமும் சேர்ந்தால் 1-லும் 2-லும் எக்ஸ், அதுவே மேல் ஓரத்து எக்ஸ் சோதனை. சேமித்த தகவலை அது தொடுவதில்லை. பட்டியல் பொருந்தாமல் போனாலும் திருத்தம் முழு வெற்றி.

ஆகவே ஒப்பிட வேண்டியது ஒரே ஒரு பிட். லாஜிக்கல் விடை புரண்டதா என்று டிகோடர் சொல்வது, உண்மையில் புரண்டதா என்பது. இரண்டும் வேறானால் தோல்வி. ஸ்டிம்மில் மாதிரி எடுக்கும்போது டிடெக்டர்களையும் லாஜிக்கல் பிட்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள், டிகோடருக்கு டிடெக்டர்களை மட்டும் கொடுங்கள். லாஜிக்கல் பிட் தெரியாமல் உள்ளே போய்விட்டால் தோல்வியே வராது, அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

9. எத்தனை முறை ஓட்டுவது

"1 லட்சம் முறை ஓட்டினேன்" என்பது தகவலே அல்ல. எத்தனை தோல்வி பார்த்தீர்கள் என்பதுதான் தகவல். 100 தோல்வி பார்த்தால் உங்கள் எண்ணில் ஏறத்தாழ 10 சதவீதம் தடுமாற்றம், 1,000 பார்த்தால் 3 சதவீதம். சின்டரில் இத்தனை தோல்வி வந்ததும் நிறுத்து, அல்லது இத்தனை ஓட்டத்தில் நிறுத்து என்று இரண்டு வரம்பும் வைக்கலாம், வையுங்கள்.

1 லட்சம் ஓட்டத்தில் ஒரு தோல்விகூட இல்லை என்றால் லாஜிக்கல் பிழை 0 என்று எழுதக் கூடாது. 95 சதவீத நம்பிக்கையில் அது 1 லட்சத்துக்கு 3-க்குக் கீழே என்று மட்டும் சொல்லலாம். லாகரித அச்சில் 0 காணாமல் போய்விடும் என்பதால் அந்தப் புள்ளியே இல்லாத வரைபடம்தான் கிடைக்கும். மேல் எல்லையாகக் குறியுங்கள்.

சின்டர் இல்லாமல் நீங்களே பல கோர்களில் ஓட்டினால் ஒவ்வொரு கோருக்கும் வேறு ரேண்டம் விதை கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விதை என்றால் எட்டு கோரும் ஒரே மாதிரிகளை எட்டு முறை எண்ணும், வரைபடத்தில் தடுமாற்றத்தைக் காட்டும் பிழைக்கோடுகள் போலியாகச் சுருங்கும்.

10. சுற்றுக்கு எவ்வளவு என்று மாற்றி, வரையுங்கள்

சுற்றுகளின் எண்ணிக்கையை 1 என்று வைக்காதீர்கள். தொடக்கமும் முடிவும் பிழை குறைவான இடங்கள், அவை மட்டுமே மிஞ்சினால் கோட் உண்மையைவிட நன்றாகத் தெரியும். குறைந்தது தொலைவுக்குச் சமமான சுற்றுகள் வேண்டும், மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி.

தொலைவுக்குத் தொலைவு சுற்று மாறுவதால் மொத்தத் தோல்வியை நேராக ஒப்பிட முடியாது, ஒரு சுற்றுக்கான அளவாக மாற்ற வேண்டும். வெறுமனே சுற்று எண்ணிக்கையால் வகுத்தால் சிறிய பிழைக்குப் பரவாயில்லை, பெரியதற்குத் தப்பும், ஏனென்றால் இரண்டு முறை புரண்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும், மொத்தத் தோல்வி 50 சதவீதத்தில் போய் நின்றுவிடும். சரியான வழி: மொத்தத் தோல்வியை இரட்டித்து 1-இலிருந்து கழியுங்கள், அதற்குச் சுற்று எண்ணிக்கைப்படி மூலம் எடுங்கள், அதை மறுபடி 1-இலிருந்து கழித்துப் பாதியாக்குங்கள். 10 சுற்றில் மொத்தம் 10 சதவீதம் தோற்றால் சுற்றுக்கு 1.1 சதவீதம் வரும், 1 அல்ல.

இரண்டு அச்சும் லாகரிதம். முதலில் 0.2-லிருந்து 1.5 சதவீதம் வரை அகலமாக ஓட்டுங்கள், வெட்டும் இடம் தெரிந்ததும் அங்கே நெருக்கமாகப் புள்ளி வையுங்கள். 3-ஆம் கோடும் 5-ஆம் கோடும் வெட்டும் இடமும், 7-ஆம் கோடும் 9-ஆம் கோடும் வெட்டும் இடமும் ஒன்றாக இருக்காது, சிறிய தொலைவுகளில் ஓரத்தின் தாக்கம் அதிகம். த்ரெஷோல்ட் சொல்ல வேண்டுமானால் பெரிய ஜோடியை நம்புங்கள். மெமரி எக்ஸ் சர்க்யூட்டையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள், லாஜிக்கல் கியூபிட் இரண்டு விதத்திலும் தப்பலாம், நீங்கள் இதுவரை பார்த்தது ஒன்றை மட்டும்தான்.

11. வெட்டும் இடத்தைவிடக் கீழே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள்

என் கணிப்பில் புதியவர்கள் த்ரெஷோல்டுக்குத் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கிறார்கள். வன்பொருள் செய்பவர்கள் பார்ப்பது லாம்டா: தொலைவை 2 கூட்டினால் லாஜிக்கல் பிழை எத்தனை மடங்கு குறைகிறது என்பது. த்ரெஷோல்டில் பாதி பிழை விகிதத்தில் இருந்தால் லாம்டா தோராயமாக 2, பத்தில் ஒரு பங்கில் இருந்தால் 10. உங்கள் வரைபடத்தில் ஏதாவது ஒரு பிழை விகிதத்தில் நேர்க்கோடு இறக்கி அடுத்தடுத்த கோடுகளின் விகிதத்தை எடுங்கள், அதுதான்.

உண்மைச் சில்லுகளோடு வைத்துப் பாருங்கள். கூகுள் 2023-இல் வெளியிட்ட சோதனையில் தொலைவு 3-க்குச் சுற்றுக்கு 3.028 சதவீதம், 5-க்கு 2.914 சதவீதம், அதாவது லாம்டா 1-ஐக் கொஞ்சம்தான் தாண்டியது. 2024 டிசம்பரில் வெளியான வில்லோ சில்லின் முடிவில் லாம்டா 2.14, தொலைவு 7-க்குச் சுற்றுக்கு 0.143 சதவீதம். அதே வேகத்தில் போனால் பத்து லட்சத்தில் ஒன்று என்ற பிழைக்குத் தொலைவு 27 வேண்டும், அதாவது ஒரே ஒரு லாஜிக்கல் கியூபிட்டுக்கு 1,457 கியூபிட். மூன்றாம் படியில் சொன்ன சூத்திரத்தில் 27-ஐப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

12. இதற்குப் பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

வரைபடம் கையில் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றத் தோன்றும். பிழை திருத்தக் கோடையும் டிகோடரையும் பிழை மாதிரியையும் ஒன்றாக மாற்றினால் முன்னேற்றம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எளிதான முதல் மாற்றம் பிழை மாதிரி: அளவீட்டுப் பிழையை மட்டும் ஐந்து மடங்காக்குங்கள், த்ரெஷோல்ட் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். அடுத்து டிகோடர், எக்ஸ்-இசட் தொடர்பைக் கணக்கில் எடுக்கும் ஒன்றைப் போட்டு ஒப்பிடுங்கள், ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரிகளைக் கொடுங்கள். டிகோடரின் நேரத்தையும் அளந்து வையுங்கள். சூப்பர்கண்டக்டிங் சில்லுகளில் ஒரு சுற்று ஏறத்தாழ 1 மைக்ரோ விநாடி, அதற்குள் ஒரு சுற்றின் வேலையை முடிக்காத டிகோடரில் வேலை சேர்ந்துகொண்டே போகும்.

பிழை திருத்தக் கோடை மாற்றுவது கடைசி. ஐபிஎம் குழு 2024-இல் காட்டிய பைவேரியட் பைசிக்கிள் கோட் 288 கியூபிட்டில் 12 லாஜிக்கல் கியூபிட்டைத் தொலைவு 12-இல் வைக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு தரவுக் கியூபிட்டும் மூன்று எக்ஸ் சோதனையிலும் மூன்று இசட் சோதனையிலும் இருக்கிறது. ஒரு பிழைக்கு மூன்று புள்ளி விழும், ஜோடி சேர்க்கும் பைமேட்சிங் அங்கே உதவாது. நம்பிக்கைப் பரப்பல் வகை டிகோடர் (சோதனைகளுக்கும் பிழைகளுக்கும் இடையே வாய்ப்புகளைத் திரும்பத் திரும்பப் பரிமாறி ஊகிப்பது) வேண்டும். அதை முதலில் இதே தொலைவு 3 சர்ஃபேஸ் கோடில் ஓட்டி, பைமேட்சிங் கொடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் புதிய கோடுக்குக் கொண்டுபோங்கள்.